பெரியாஸ்பத்திரியில பிள்ளை, வன்னியில வீடு: குடும்பங்கள் தங்க என்ன ஒழுங்கு செய்யலாம்?

பாலைமரத்தடி (புதுக்குடியிருப்பு):

எல்லாருக்கும் வணக்கம். எங்கட ஊர் அபிவிருத்திச் சங்கத்துக்கு வெளிநாட்டில இருக்கிற ஊர்ச்சனம் கொஞ்சக் காசு அனுப்பியிருக்கினம். ஒரேயொரு வேலைக்கெண்டு சொல்லித் தந்த காசு: குறைமாதத்தில பிறந்து, அல்லது பிறந்த கையோட வருத்தமாகி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு மாத்தப்படுற பிள்ளையளின்ர குடும்பங்களுக்குத் தங்க இடம்.

முல்லைத்தீவில இருந்து பரந்தனால சுத்திப் போக 100 கிலோமீற்றருக்கு மேல. பஸ்ஸில கிட்டத்தட்ட மூண்டு மணித்தியாலம். பிள்ளை அம்புலன்ஸில போகும். தாய் கூடப் போவா, இல்லாட்டி ஒப்பரேசன் காயத்தோட பிந்திப் போவா. தகப்பனும் அம்மம்மாவும் பகலில ஆஸ்பத்திரி வாசல், இரவில பஸ் ஸ்ராண்ட் வாங்கு. லொட்ஜ் எடுத்தால் ஒரு கிழமையோட கைக்காசு முடிஞ்சிடும்.

சங்கத்தில ரெண்டு கதை நடக்குது. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்துவம் எண்டு ஒரு பகுதி. வீடு நடத்துறது தலையிடி, குடும்பத்துக்குக் காசாக் குடுப்பம் எண்டு மற்றப் பகுதி. எது சரி? வீடெண்டால் எத்தினை அறை, என்ன சாமான், ஆரைப் பிடிச்சுக் கதைக்க வேணும்? விசயம் தெரிஞ்ச ஆக்கள் விபரமா எழுதுங்கோ.

வெள்ளைத்தொப்பி (தாதி, சிசு பராமரிப்புப் பிரிவு):

அண்ணை, வீடா காசா என்று தீர்மானிக்க முதல் ஒரு கேள்வி இருக்கு. இரவு இரண்டு மணிக்குத் தாய் எங்கே இருப்பா? மற்ற முடிவெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

தாய்க்குத் துண்டு வெட்டும் வரைக்கும், அதாவது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடும் வரைக்கும், அவவுக்கு வாட்டில் கட்டில் உண்டு. துண்டு வெட்டிய பிறகும் பிள்ளை உள்ளே இருந்தால், தாய்மார் தங்க ஆஸ்பத்திரிக்குள் இடம் இருக்கிறதா என்று வாட் சிஸ்டரிடம் கேட்க வேண்டும். இடம் கிடைத்தால் தாயை அங்கேயே விடுங்கோ. உங்கட வீடு எவ்வளவு வடிவாக இருந்தாலும் பிள்ளையின் கட்டிலடிக்கு ஈடில்லை. அந்த நிலையில் வீடு தகப்பனுக்கும் அம்மம்மாவுக்கும், தாய் பகலில் வந்து குளித்து, சாப்பிட்டு, இரண்டு மணித்தியாலம் நிம்மதியாகக் கண்ணயர்வதற்கும். உள்ளே இடம் இல்லையென்றால்தான் இரவும் தாய்க்கு வீடு. அப்போது தூரம் பெரிய விசயமாகிவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். 1.2 கிலோப் பிள்ளைக்கு முழுப்பால் போகத் தொடங்கினால் நாளைக்குக் கிட்டத்தட்ட 200 மில்லிலீற்றர் வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா குழாயால் 16 மில்லி அளவில் விடுவோம். அந்தப் பால் தாயிடமிருந்துதான் வரவேண்டும். குறைமாதப் பிள்ளைக்கு மாப்பாலால் வரக்கூடிய குடல் அழற்சி உயிரையே எடுக்கும். உறிஞ்சிக் குடிக்கத் தெரியாத பிள்ளை என்பதால் தாய் கையால் கறக்க வேண்டும், நாளைக்கு எட்டுத் தடவைக்குக் குறையாமல். இரவு பன்னிரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில் ஒரு தடவையாவது இருக்க வேண்டும், பால் சுரக்க வைக்கிற ஓமோன் கூடுவது அந்த நேரத்தில்தான். 'பிள்ளைக்கு இப்ப 16 மில்லிதானே, எனக்குக் கன பால் இருக்கு' என்று இரவில் விட்டுவிடுகிற தாய்மாருக்கு மூன்றாம் கிழமையில் பால் வற்றிப்போகும். பிள்ளை வளர்ந்து கூடுதலாகக் கேட்கிற நேரத்தில் கையில் ஒன்றும் இராது.

ஆகவே தாய் தங்குகிற வீடென்றால் பாலுக்கென்று தனியாக ஒரு சின்ன பிறிட்ஜ் வேண்டும். 90, 100 லீற்றர் காணும். மீன் வைக்கிற பிறிட்ஜ் சரிவராது. உள்ளே ஒரு வெப்பமானி, 4 பாகைக்கு மேல் போகக்கூடாது. பால்ப் போத்தல் கதவுத் தட்டில் வைப்பதில்லை, திறந்து மூட சூடேறும். பின்பக்கத்துத் தட்டில் வைக்கவும். அவித்து எடுத்த, மூடியுள்ள போத்தல். ஒவ்வொன்றிலும் தாயின் பேர், வாட், திகதி, கறந்த நேரம் எழுதிய ஒட்டு. குளிர்ந்த பாலுக்கு மேல் இளஞ்சூட்டுப் பாலை ஊற்றக்கூடாது, புதுப் போத்தலில் கறந்து குளிர வைத்துத்தான் சேர்க்கலாம். கொண்டுபோக ஒரு ஐஸ் பெட்டி, உறைய வைத்த ஐஸ் பொதி இரண்டு. 48 மணித்தியாலத்துக்குள் வாட்டில் கொடுத்துவிடுங்கோ. வாட்டின் ஒழுங்கு இதைவிட இறுக்கமாக இருந்தால் வாட் சொல்வதுதான் சட்டம். கரண்ட் போனால் பிறிட்ஜைத் திறக்காமல் விட்டால் நாலு மணித்தியாலம் குளிர் நிற்கும்.

இன்னொன்று. பிள்ளை கொஞ்சம் தேறினதும் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்துக் கட்டுகிற கங்காரு முறையை ஆரம்பிப்போம். நாளைக்கு 8 மணித்தியாலத்திலிருந்து 24 மணித்தியாலம் வரை வைத்திருக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவுறுத்தியது. பார்வையாளர் நேரத்துக்கு மட்டும் வந்து போகிற தாயால் அது முடியாது. வாட் அனுமதித்தால் தகப்பனும் அம்மம்மாவும் மாறி மாறி வைத்திருக்கலாம். முன்பக்கம் பொத்தான் உள்ள சேட், சட்டை வீட்டில் நாலைந்து வைத்திருங்கோ.

கடைசியாகத் தாயைப் பற்றி. குறைமாதத்தில் பெற்றவர்களில் கனபேருக்குப் பிறசர் காரணமாக இருக்கும். பெற்ற பிறகும் முதல் கிழமையில் அது கூடலாம். கடும் தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குக் கீழே நோ, காய்ச்சல், பிறப்புறுப்பால் நாற்றமான போக்கு, ஒரு மணித்தியாலத்தில் ஒரு பாட் நனைகிற இரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கம்: இதில் ஏதும் இருந்தால் 'களைப்பு' என்று படுக்க விடாமல் உடனே ஆஸ்பத்திரி. இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கோ. எல்லாரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க, தாயை ஒருத்தரும் பார்ப்பதில்லை.

திறப்புக்காரி (யாழ்ப்பாணம், நோயாளர் குடும்பங்களுக்கான தங்குமிடம் நடத்துபவர்):

வீட்டுப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

வீடு பார்க்க முதல், ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு சங்கத்தின் கடிதத் தலைப்பில் கடிதம் கொடுத்து, நோயாளர் நலன்புரிச் சங்கத்தோடும் கதையுங்கோ. அவர்களுக்குத் தெரியாமல் தொடங்கினால் வாட்டிலிருந்து ஆக்களை அனுப்ப மாட்டார்கள். வீடு காலியாகக் கிடக்கும், இல்லாவிட்டால் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் வந்து நிற்பார்கள். இரண்டும் நடக்கிறதுதான். 'பிள்ளை இந்த வாட்டில் இருக்கிறது' என்று வாட் சிஸ்டர் கையெழுத்து வைத்த ஒரு துண்டு இருந்தால் மட்டும் அறை. இந்த ஒரு சட்டம் இல்லாமல் எந்த வீடும் நிலைக்காது. கண் ஒப்பரேசனுக்கு வந்த ஊர்ப் பெரியவர் வாசலில் நிற்கும்போது 'ஏலாது' என்று சொல்லப் பராமரிப்பாளருக்கு வாய் வராது. துண்டைக் காட்டச் சொல்லலாம்.

அறைக் கணக்கு இப்படிப் போடுங்கோ. குறைமாதப் பிள்ளை பொதுவாகப் பிறக்கவேண்டிய திகதியை ஒட்டித்தான் வீட்டுக்குப் போகும். 34 கிழமையில் பிறந்தால் இரண்டு மூன்று கிழமை. 30 கிழமையென்றால் ஒன்றரை, இரண்டு மாதம். 28 என்றால் அதைவிடக் கூட. சராசரி ஐந்து கிழமை என்று வைத்தால், மூன்று அறையில் வருடத்துக்கு முப்பது குடும்பம். முதலில் மூன்று அறைக்கு மேல் எடுக்காதீங்கோ. ஒரு அறைக்கு இரண்டு தனிக்கட்டில், ஒரு பாய், பூட்டுள்ள அலுமாரி, இரண்டு பிளக், இரண்டு நுளம்பு வலை. தாய் தங்கினால் தகப்பன் மண்டபத்தில் படுக்கட்டும். ஒரே அறைக்குள் இரண்டு குடும்பத்தைப் போட வேண்டாம், இரவில் எழும்பிப் பால் கறக்கிற தாய்க்கு மறைவு வேண்டும். கூச்சப்பட்டால் பால் இறங்காது.

கீழ்வீடாக இருக்க வேண்டும். வயிற்றில் தையலோடு படி ஏற முடியாது. குந்துகிற மலசலகூடம் மட்டும் உள்ள வீடென்றால் ஒரு கொமோட் போடாமல் எடுக்க வேண்டாம், பக்கத்தில் பிடிக்க ஒரு கம்பியும். சுடுதண்ணி அவசியம்.

தண்ணிதான் ஆக்கள் யோசிக்காத இடம். யாழ்ப்பாணம் சுண்ணக்கல் நிலம், வளவுகள் சின்னன், கிணறும் மலக்குழியும் கிட்டக் கிட்ட. கிருமியைக் கொதிக்க வைத்துக் கொல்லலாம், கிணற்றுத் தண்ணியில் உள்ள நைத்திரேற்று கொதித்தால் போகாது, வற்ற வற்றச் செறிவு கூடும். மாப்பால் கரைக்க நேர்ந்தால் அது சின்னப் பிள்ளையின் இரத்தம் ஒட்சிசன் காவுவதையே குழப்பும். குளிக்க, தோய்க்கக் கிணறு. குடிக்க, சமைக்கச் சுத்திகரித்த தண்ணி வாங்குங்கோ.

சமையலறையைப் பூட்டி வைத்துப் பார்சல் கொடுக்கலாம் என்று நினைக்காதீங்கோ. அம்மம்மா வந்த அடுத்த நாளே சரக்கு அரைக்கத் தேடுவா. மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி, பால்சுறா வறை, இதெல்லாம் தாய்க்குத் தெம்பு. அம்மம்மாவுக்கும் கையில் ஒரு வேலை. ஒரு காஸ் அடுப்பு, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு மிக்ஸி, கொண்டுபோக அடுக்குச்சட்டி, பிளாஸ்க் காணும். பத்தியம் என்று தண்ணியைக் குறைப்பதை மட்டும் மறித்துச் சொல்ல வேண்டும், பால் கறக்கிற தாய் தாகத்துக்குக் குடிக்கட்டும்.

கோயில் மடத்தில் இடம் எடுத்தால் என்ன என்று யாராவது கேட்பார்கள். துடக்கு முப்பத்தொரு நாள் கழியாத தாயைக் கோயில் மடத்தில் தங்கவைக்க அவவின் சொந்தமே சம்மதியாது. தகப்பனுக்கு மட்டும் பார்க்கலாம்.

எல்லாச் செலவிலும் பெரியது வாடகை அல்ல, கூடவே தங்குகிற ஒரு பொம்பிளைப் பராமரிப்பாளரின் சம்பளம். இதில் மிச்சம் பிடிக்கப் போய்த்தான் கன வீடுகள் மூடுப்பட்டன. அவவின் தொலைபேசி இலக்கம் வாட்டில் இருக்க வேண்டும், இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய ஒரு ஓட்டோக்காரரின் இலக்கம் அவவிடம் இருக்க வேண்டும். சாராயம், சிகரெட் வாசலுக்கு வெளியே. இருமல், தடிமன், கொப்பளிப்பான் (சின்னம்மை) உள்ள ஆக்களைத் தங்க விடக்கூடாது, வீட்டில் ஒருத்தருக்கு வந்தால் எல்லாத் தாய்மாரும் அதை வாட்டுக்குக் காவிக்கொண்டு போவார்கள். மாரி தொடங்கினால் டெங்கு, கிழமைக்கு ஒருக்கா பூச்சாடித் தட்டு, பிறிட்ஜின் பின்பக்கத் தட்டு, கூரைப்பீலி எல்லாம் வெறுமையாக்க வேண்டும்.

எழுத மனம் கனக்கிறது, ஆனால் எழுதாமல் விட ஏலாது. எல்லாப் பிள்ளையும் தப்பி வராது. உடலை ஊருக்குக் கொண்டுபோக வாகனக்காசு அன்றைக்கே தேவை, கூட்டம் கூட்டி அனுமதி எடுக்கும் வரை அந்தக் குடும்பம் காத்து நிற்க முடியாது. ஒரு தரம் வன்னிக்கு வான் போகிற காசை உறையில் போட்டுப் பராமரிப்பாளரிடம் கொடுத்து வையுங்கோ. அந்தத் தாய்க்கும் பால் கட்டி நெஞ்சு கல்லாகும். நோ குறைகிற அளவுக்கு மட்டும் கறந்து, குளிர்ந்த துணி போட்டு, இறுக்கிக் கட்டாமல் தாங்கலான உள்ளாடை போடச் சொல்ல வேண்டும். மற்றத் தாய்மார் பிள்ளையின் நிறையைக் கதைக்கிற மண்டபத்தில் அவவை இருத்தி வைக்காதீங்கோ.

குளத்தங்கரை (துணுக்காய், குடும்பநல உத்தியோகத்தர்):

மேலே இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் நின்று பார்த்து எழுதியிருக்கினம், சரியாத்தான் எழுதியிருக்கினம். ஆனால் தாய் பிள்ளையை விட்டுட்டு, அல்லது தன்ர பொறுப்பில கையெழுத்து வைச்சுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வாறதுக்குப் படுக்க இடமில்லாதது மட்டும் காரணமில்லை. வீட்டில மூண்டு வயசுப் பிள்ளை காய்ச்சலில கிடக்கும். பாக்கிறதுக்கு மாமியார் மட்டும். காலபோக விதைப்பு நேரம் தகப்பன் வயலை விட ஏலாது. மாசியில வெட்டு நேரமும் அப்பிடித்தான். கடற்கரைப் பக்கமெண்டால் தொழிலுக்குப் போகாட்டி அண்டைக்கு அடுப்பு எரியாது. அந்தக் குடும்பத்துக்கு யாழ்ப்பாணத்தில கட்டில் குடுத்து என்ன பிரயோசனம்?

அதால காசை ஒரே பெட்டியில போடாதேங்கோ. வீட்டோட சேர்த்து, ஊரில இருக்கிற மூத்த பிள்ளையளைப் பாக்கிற சித்தி, பெரியம்மாவுக்கு உலர் உணவுப் பொதி, தகப்பன் கிழமைக்கு ஒருக்கா வந்து போற பஸ் காசு, தாய்க்கு ரீலோட் காசு. இதுகள் சின்னச் சின்னத் தொகை. ஆனால் தாயை அங்க இருக்க வைக்கிறது இதுகள்தான்.

சங்கம் செய்யக்கூடிய இன்னொரு வேலை, ஆஸ்பத்திரிப் பை. எட்டாம் மாதத்துக்குப் பிறகு கட்டுவம் எண்டு இருக்கிற நேரம் ஏழாம் மாதத்தில வலி வந்தால் ஒண்டும் இராது. ஆபத்துக் கூடின கர்ப்பவதியளின்ர, அதாவது இரட்டைப்பிள்ளை, பிறசர், முதல் பிள்ளையும் குறைமாதம் எண்டு இருக்கிற ஆக்களின்ர வீட்டில இருபத்தாறாம் கிழமைக்கு முதலே ஒரு பை கட்டி வைக்கச் சொல்லுங்கோ. தாயின்ர கர்ப்பவதிப் பதிவேடு, ரெண்டு பேரின்ர அடையாள அட்டையும் பிரதியும், விவாகப் பதிவுப் பிரதி, போன் சாச்சர், முன்னால திறக்கிற சட்டை, பருத்தித் துணி, தொப்பி, மூடியுள்ள கோப்பை.

பிறப்புப் பதிவையும் சொல்ல வேணும். பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில பிறந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிட்டத்தான் பதியிறது, மாத்தப்பட்ட இடத்தில இல்லை. முல்லைத்தீவில பிறந்து யாழ்ப்பாணத்தில கிடக்கிற பிள்ளைக்கு முல்லைத்தீவிலதான் பதிவு. 42 நாளைக்குள்ள செய்ய வேணும். நட்சத்திரம் பாத்துப் பேர் வைக்கக் காத்திருந்து, பிள்ளை வந்தாப்பிறகு பாப்பம் எண்டு விட்டு, மூண்டு மாதமும் தாண்டினால் காலங்கடந்த பதிவெண்டு தனி அலைச்சல். தகப்பன் ஊருக்கு வாற முதல் தரமே பிறப்பு அறிக்கையைக் கையோட கொண்டு வரட்டும்.

பாலைமரத்தடி:

மூண்டு பேருக்கும் பெரிய நன்றி. இதைச் சங்கக் கூட்டத்தில அப்பிடியே வாசிக்கப் போறன். ரெண்டு வீடு கைவசம் வந்திருக்கு. ஒண்டு ஆஸ்பத்திரியில இருந்து நடந்தால் ஆறேழு நிமிசம், ரெண்டு அறை, பழைய வீடு. மற்றது நல்லூர்ப் பக்கம், நாலு அறை, புது மாடி வீடு, வாடகை அதேதான். கமிற்றியில எல்லாருக்கும் மாடி வீட்டிலதான் கண். வீட்டுக்காரர் ரெண்டு பேரும் ஒரு வருச முற்பணம் கேக்கினம்.

வெள்ளைத்தொப்பி:

பழைய வீடு. யோசிக்கவே வேண்டாம். நல்லூரிலிருந்து இரவு இரண்டு மணிக்குத் தாய் ஓட்டோ தேட மாட்டா, விடியட்டும் என்று இருந்துவிடுவா. நாலு அறையும் நிரம்பியிருக்கும், வாட்டில் தாய்மார் இருக்க மாட்டார்கள்.

திறப்புக்காரி:

நானும் அதையே சொல்வேன். முற்பணத்தை ஒரேயடியாகக் கொடுக்க வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பேசி, விட்டுப்போக ஒரு மாத முன்னறிவித்தல் என்று உடன்படிக்கையில் எழுதுங்கோ. அதற்கும் முதல், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு லொட்ஜில் இரண்டு அறையை மாத வாடகைக்குப் பேசி மூன்று மாதம் நடத்திப் பாருங்கோ. துண்டு முறை ஒழுங்காக வேலை செய்கிறதா, எத்தனை குடும்பம் வருகிறது என்று அதில் தெரிந்துவிடும்.

கிளினிக்குக்கு முதல் நாள் இரவை இன்னும் ஒருத்தரும் சொல்லவில்லை. மிகவும் குறைமாதப் பிள்ளைக்கு நாலாம் கிழமையளவில் கண் பரிசோதனை தொடங்கும், விழித்திரை முதிரும்வரை திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். துண்டு வெட்டி ஊருக்குப் போன பிறகும் திகதி வரும். ஒரு திகதி தவறி, விழித்திரை நோய் முற்றினால் பார்வை திரும்பாது. கொக்கிளாயிலிருந்து கைக்குழந்தையோடு விடியப்புறம் வெளிக்கிட்டுக் காலைக் கிளினிக்குக்கு வருவது கஷ்டம், மழை நாளில் நடக்காத காரியம். மண்டபத்தில் ஒரு திரை போட்டு ஒரு கட்டில் எப்போதும் கிளினிக் தாய்க்கென்று விட்டு வையுங்கோ. யாருக்கு எந்தத் திகதி என்று பராமரிப்பாளர் கொப்பியில் எழுதி, முதல் நாள் கோல் எடுக்க வேண்டும்.

தெகிவளைக் கரை (கொழும்பு):

சில பிள்ளைகளை, முக்கியமாக இருதய ஒப்பரேசன் தேவைப்படுகிற பிள்ளைகளை, கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அதற்கு வீடு எடுக்கத் தேவையில்லை, எண்ணிக்கை காணாது. வெள்ளவத்தையில் மாத வாடகை அறைகளும் லொட்ஜுகளும் இருக்கு, அங்கிருந்து பொரளைக்கு பஸ் எடுக்கலாம். கிளிநொச்சி, மாங்குளம், வவுனியாவில் ரெயில் ஏறினால் மருதானையில் இறங்குவது கிட்ட. முதல் இரண்டு நாளைக்குச் சிங்களம் கதைக்கத் தெரிந்த ஒருத்தர் கூட நிற்க வேண்டும், ஒப்பரேசன் சம்மதப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று விளங்காமல் தகப்பன் கையெழுத்து வைக்கக்கூடாது. கொழும்பில் இருக்கிற உங்கட ஊராக்களில் அப்படி வரக்கூடிய மூன்று நாலு பேரின் இலக்கத்தை இப்பவே கேட்டு எழுதி வையுங்கோ.

குளத்தங்கரை:

பாலைமரத்தடி அண்ணை, பழைய வீடு எடுத்தால் குளியலறை நிலத்தைப் பாருங்கோ. சீமெந்து வழுக்கினால் ஒப்பரேசன் தாய் விழுவா. கரடான தளம் போட்டு, ஒரு லைற் இரவு முழுக்க எரிய விடுங்கோ. மாத்தப்படுற தாய்மாரின்ர விபரம் அந்தந்த இடத்துக் குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரிய வரும், சங்கத்தின்ர இலக்கத்தை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில குடுத்து வைச்சால் அம்புலன்ஸ் பரந்தன் தாண்ட முதலே உங்களுக்கு கோல் வரும்.

பாலைமரத்தடி:

குடுக்கிறன் அக்கா. லொட்ஜில ரெண்டு அறை பேச வாற கிழமை ரெண்டு பேர் யாழ்ப்பாணம் போகினம். வாட்டில காட்டுற துண்டு எப்பிடி அடிக்கிறது எண்டு ஒரு மாதிரி இருந்தால் திறப்புக்காரி அக்கா இதில எழுதிவிடுங்கோ.

திறப்புக்காரி:

உள்ளங்கை அளவு காணும். தாயின் பேர், அடையாள அட்டை இலக்கம், பிள்ளையின் வாட், சேர்த்த திகதி, ஊர், தங்கப்போகிற ஆக்கள் இரண்டு பேரின் பேர், சிஸ்டரின் கையெழுத்தும் முத்திரையும். கீழே 'ஏழு நாளைக்குச் செல்லும்' என்று அடியுங்கோ. கிழமைக்கு ஒருக்கா புதுப்பிக்க வேண்டும். இரண்டு பிரதி, ஒன்று வாட்டில், ஒன்று பராமரிப்பாளரிடம். நோயின் பேர் எழுத இடம் விடாதீங்கோ, அது வீட்டில் மற்ற ஆக்கள் வாசிக்கிற விசயமில்லை.